ஆடி கழியட்டும் என்றார்கள்

எங்கள் தெருவுக்குச் சாயங்காலத்தைக் கொண்டுவந்தது சூரியன் இல்லை, டாக்கீஸ் கூரையில் கட்டியிருந்த கூம்புக் குழாய். அதில் முதல் பக்திப் பாட்டு கிளம்பியதும் என் மனைவி அடுப்பில் தண்ணீர் தெளித்துவிடுவாள். இரண்டாவது பாட்டில் தலைவாரி முடிந்திருக்கும். மூன்றாவது பாட்டு முடிகிறபோது முறுக்குக்காரியையும் சோடாக் கடையையும் தாண்டி டிக்கெட் ஜன்னலில் நிற்போம். குழாய் ஓய்ந்தால் படம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சினிமாவுக்குப் போகாத வீடுகளில் அந்த ஓய்வைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. எங்கள் குடும்பத்துக்குக் குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்து, கைமாறி, என் தலைமுறையில் சம்பளமாகச் சுருங்கிவிட்டிருந்தது. அவள் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசல்காரி. பருத்தி எடுக்கிற வீடு. மானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்கு எதையும் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் இருந்தது. சினிமாத் திரையையும் அப்படித்தான் பார்த்தாள், எப்போது பெய்யுமோ என்பதுபோல.

டாக்கீஸில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார முடியாது. நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். பெண்கள் பக்கம் அவள், ஆண்கள் பக்கம் நான். சுவரை ஒட்டிய பெஞ்சில் இடம் பிடித்தால் அவள் முகம் தெரியும். திரையில் விடிந்தால் அந்த முகத்தில் விடியும். திரையில் யாராவது செத்தால் முகம் இருண்டு, மூக்குத்தி மட்டும் நிற்கும். படம் எதையும் நான் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். படத்தைப் பார்க்கிறவளைப் பார்த்தேன். மறுநாள் அவள் வாசல் தண்ணீர்க் குழாயடியில் பெண்களுக்குக் கதை சொல்லுவாள். ஆபீஸுக்குச் சட்டை போட்டபடியே அதைக் கேட்டு, நேற்று என்ன படம் பார்த்தோம் என்று தெரிந்துகொள்வேன். எந்தக் கதவைத் திறந்துகொண்டு யார் வந்தார்கள், எந்தச் சேலையில் அழுதாள், மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பது வரைக்கும் சொல்லுவாள். எதிர்வீட்டு அக்கா ஒருத்தி உண்டு. “உனக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் குடுத்தா போதும்ட்டி, தெருவே படம் பாத்த மாதிரி” என்பாள்.

ஒரு நாள் படம் விட்டுத் திரும்புகிற வழியில் அவள் அலுத்துக்கொண்டாள்.

“ஓரத்தையெல்லாம் வெட்டிட்டுப் போடுதானுவ. நடுவுல நிக்கவங்க மட்டுந்தான் தெரியுதாங்க.”

நானும் ஆமாம் என்றேன். ஆபரேட்டர் அவசரத்துக்கு ரீலை வெட்டுகிறவன் என்று ஊருக்கே தெரியும். நீளத்தில் வெட்டுகிறவன் அகலத்திலும் வெட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு பக்கத்தில் நீட்டிய காப்பி தம்ளர் அவளுக்குத் தெரியாமல் போனது. வாசல் நிலையில் தோள் இடித்தது. நடு வீட்டில் வைத்த குடத்தில் தடுக்கி விழுந்து, யார் இங்கே வைத்தது என்று கேட்டாள். அவள்தான் வைத்திருந்தாள்.

மதுரையில் கண்ணாஸ்பத்திரி. இருட்டு அறையில் சின்ன வெளிச்சத்தை விட்டுப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். கண்ணுக்குப் பின்னால் உள்ள சவ்வு ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது, மருந்து கிடையாது, சத்து மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார். திரும்பும் பஸ்ஸில், டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். மறைக்கலாம் என்று வாயைத் திறந்து, மறைக்கத் தெரியாமல், நம்ம குளம் கோடையில் வற்றுமே அந்த மாதிரி, ஓரத்திலிருந்து என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். திருவேங்கடம் விலக்கு தாண்டியபிறகு கேட்டாள்.

“நடுவுல எம்புட்டு நாளைக்குத் தண்ணி கெடக்கும்?”

டாக்டர் அதைச் சொல்லவில்லை. அவரிடம் நான் அதைக் கேட்டிருக்கவும் இல்லை.

டாக்கீஸுக்குப் போவது நின்றது. அவ்வளவு பெரிய திரை அவளிடம் மிச்சம் இருந்த சின்ன வட்டத்துக்குள் அடங்கவில்லை. ஒரு முகத்தைப் பிடித்தால் எதிரே நிற்கிற முகம் போய்விடுகிறது, தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்கிறது என்றாள். கையை மூடி ஓட்டை வைத்து, இவ்வளவுதான் என்று எனக்குக் காட்டினாள். நான் என் கையை மூடி அந்த ஓட்டை வழியாக எங்கள் வீட்டைப் பார்த்தேன். மச்சுக் கட்டை ஒன்று. சுவரில் ஒரு காலண்டரின் பாதி. அவள் முகம்.

கடைத்தெருவில் ஒரு அண்ணாச்சி மைக் செட் வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான் கட்டுவார்கள். ரேடியோ ரிப்பேரும் உண்டு. ஆர்டர் கொடுத்தால் டேப் டெக்கும் ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் சேர்த்து ‘சவுண்டு செட்’ பண்ணித் தருவார். அந்த வருஷம் கைமாறி வந்த பழைய டி.வி. ஒன்றும் வாங்கி உயரத்தில் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளை. மரப் பெட்டி. இரண்டு பக்கமிருந்தும் இழுத்து நடுவில் மூடுகிற கதவு. கடைக்கு மேலே தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டு, ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து இலங்கை நிலையத்தைப் பிடித்துக் காட்டுவார். படம் மழைக்குள் நடப்பதுபோல் இருக்கும். சாயங்காலமானால் கடை வாசலில் சைக்கிளும் சனமுமாக நெரியும்.

அவளைக் கைபிடித்துக் காய்கறி வாங்க அழைத்துப் போன ஒரு மாலையில், கடைக்கு எதிர்ச்சாரியில் சட்டென்று நின்றாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே அந்தப் பெட்டி தெரிந்தது. நான் இழுத்தும் அவள் நகரவில்லை. கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்தாள். வெகுநேரம் கழித்து, பயந்தவள்போல மெதுவாகச் சொன்னாள்.

“இங்கேருங்க. முழுசாத் தெரியுது.”

நாலு ஓரமும் தெரிந்தது அவளுக்கு. தெருவின் அகலத்தைத் தாண்டி அந்தச் சின்னத் திரை அவள் வட்டத்துக்குள் அப்படியே போய் உட்கார்ந்துவிட்டது. ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள், ஓரத்தில் ஒருவன் மத்தளம் வாசித்தான். ஓரத்தில் இருந்த அந்த ஆளைப் பார்த்து என் மனைவி சிரித்தாள்.

அன்றிலிருந்து எங்களுக்கு வேறு பேச்சு இல்லை.

நான் சேர்ந்திருந்த சீட்டு ஒன்று அந்த ஆனியில் விழுந்தது. பையில் பணத்தோடு கடைக்குப் போனபோது அண்ணாச்சிக்கு விஷயம் எதுவும் தெரியாது. குமாஸ்தாவுக்கு வந்த ஆசை என்று நினைத்தார். டி.வி. வேண்டாம், சவுண்டு செட் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தார். இலங்கைக்காரன் பேசுவது பாதிநாள் நமக்குப் புரியாது, தமிழ்ப் படம் என்றைக்கோ ஒருநாள்தான் போடுவான், காற்று திரும்பினால் அதுவும் போய்விடும், டெல்லி நிகழ்ச்சி இதோ வருகிறது அதோ வருகிறது என்கிறார்கள், வந்தாலும் இந்தியில்தான் வரும் என்றெல்லாம் அடுக்கினார்.

“டி.வி.ங்கது மாப்பிள்ளை மாதிரி வே. வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தா முடிஞ்சுதுன்னு நெனைக்காதேயும். ஆன்டெனா, பூஸ்டர், கம்பம்னு சாவுத வரைக்கும் சீர் செஞ்சுட்டே இருக்கணும்.”

பிறகு தன் சவுண்டு செட்டில் கதை வசனக் கேசட் ஒன்றைப் போட்டுக் காண்பித்தார். சினிமாவின் பேச்சும் பாட்டும் அப்படியே இருக்கும் அந்தக் கேசட்டுகளில். கல்யாண வீடுகளில் குழாய் கட்டினால் ஒரு படத்தின் வசனம் முழுவதையும் ஊருக்குப் போட்டுவிடுவார்கள். பெட்டியின் மேல் என் உள்ளங்கையை எடுத்து வைத்து, பேஸ் அதிர்கிறது பாரும் என்றார். அதிர்ந்தது. இடி இடித்தது. ஒரு தாய் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். உடனே திறந்துவிட்டேன்.

சீட்டுப் பணத்தில் ஏதாவது ஒன்றைத்தான் வாங்க முடியும். அது அவளுக்கும் தெரியும். இருக்கிற கண்ணுக்கு வாங்குவதா, கண் போனபிறகு மிஞ்சப்போகிற காதுக்கு வாங்குவதா. தெருத்தெருவாக நடந்தேன். உட்கார முடியாத ஆள் நான். ஆபீஸ் நேரம் போகக் கொஞ்சம் கதை எழுதுகிறவன், ஒரு வரிக்கும் ஊரைச் சுற்றிவர வேண்டும் எனக்கு. தெப்பக்குளத்துப் படியிலும் தறிச் சத்தம் கேட்கிற சந்துகளிலும் நடந்து நடந்து இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். காரியவாதி சவுண்டு செட்டைத்தான் வாங்குவான். அது எத்தனை வருஷமானாலும் அவளோடு இருக்கும். ஆனால் அதை வீட்டுக்குள் கொண்டுவருவது இருட்டுக்கு அச்சாரம் கொடுப்பதுபோல் இருந்தது. வா, உனக்கு இடம் ஒதுக்கிவிட்டோம் என்று சொல்வதுபோல.

அவளிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. டி.வி.தான் என்றாள். ஒரு வருஷம் பார்த்தாலும் போதும், ஒரு மழைக்காலம் பார்த்தாலும் போதும், அப்புறம் பெட்டியை விற்றுவிட்டு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள் என்றாள். முடிவாகிவிட்டது. மறுநாள் அண்ணாச்சியிடம் போய் அவள் கண் விஷயத்தைச் சொன்னேன். அவர் மாப்பிள்ளைப் பேச்சை அதோடு விட்டார். பெட்டியைக் கிழக்குச் சுவரில் வையும், வெயில் விழாது என்று மட்டும் சொன்னார்.

நாளை தூக்கிவரலாம் என்று இருந்தபோது அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்தாள். எதிர்வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்தாள். ஆனி முடிகிறது, விடிந்தால் ஆடி. ஆடியில் பெண் எடுப்பதில்லை, புது வீடு புகுவதில்லை, புதுச் சாமான் வீட்டுக்குள் வருவதில்லை. அதுவும் கண்ணுக்கென்று வாங்குகிற சாமான். ஆடித் தபசு வருகிறது, அம்மனே காட்சிக்குத் தவம் நிற்கிற மாசத்தில் நாம் அவசரப்படுவதா என்றாள் அவள் அம்மா. காட்சியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்து வாங்கலாம். ஆடி கழியட்டும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லாதவன்தான் இந்த மாதிரி நேரத்தில் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறான். நம்புகிறவனுக்கு ஒரு சாமி, ஒரு சாஸ்திரம். அதைச் சரிக்கட்டினால் போதும். எனக்கு எது எங்கேயிருந்து வந்து அவள் கண்ணை எடுத்துப்போகும் என்று தெரியாது. பல்லி சொன்னாலும் நின்றேன். அவளைப் பார்த்தேன். அவளும், “கழியட்டும். எங்க போயிரப் போவுது” என்றாள். டி.வி.யைத்தான் சொன்னாள்.

அண்ணாச்சி வேறு யாருக்கும் விற்காமல் பெட்டியை எங்களுக்கென்று வைத்திருந்தார். ஆடி மாசம் முழுக்க, மேல்காற்று தெருவில் புழுதியை அள்ளி அடிக்கிற மாலைகளில், அவளை எதிர்ச்சாரிக்கு அழைத்துப் போவேன். எங்களைக் கண்டால் அண்ணாச்சி ஸ்டூலில் ஏறி மரக்கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்துவைப்பார். காற்றில் ஆன்டெனா ஆடும், படம் நெளியும். அவள் எனக்குச் சொல்லுவாள்: இப்போது ஒரு ரயில், இப்போது ஒரு பொம்பிளை குடை பிடித்து வருகிறாள். முதல் வாரங்களில் சொன்னாள். பிறகு கொஞ்சம் குறைத்துச் சொன்னாள். படம் சரியில்லை, காற்று என்றாள். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

தபசன்று ஊரில் கால் வைக்க இடம் இல்லை. சிவனும் பெருமாளும் ஒன்றே என்று காட்டச் சொல்லி அம்மன் ஒற்றைக் காலில் தவம் இருந்தாள், சாயங்காலம் பாதி சிவனும் பாதி பெருமாளுமாகச் சாமி எழுந்தருளி அவளுக்குக் காட்சி கொடுக்கும் என்பது ஐதீகம். அந்தக் காட்சி நேரத்தில் சம்சாரிகள் தங்கள் நிலத்தில் விளைந்ததைச் சூறை விடுவார்கள். பருத்தி, மிளகாய் வத்தல், பயறு எல்லாம் கூட்டத்தின் தலைக்கு மேலே பறக்கும். அவள் அம்மா கரிசலிலிருந்து கொண்டுவந்த பருத்தியைத் துணியில் முடிந்து மகள் கையில் கொடுத்திருந்தாள். தபசு மண்டபத்துக்கு இந்தப் பக்கம், ஒரு கடைப்படியில் அவளை ஏற்றி நிறுத்திப் பின்னால் நான் நின்றேன்.

சப்பரம் வந்தது. சனம் ஒரே குரலாக எழும்பியது. பருத்தி பறந்தது. கரிசல் முழுவதும் வெடித்து வானத்துக்குப் போவதுபோல வெள்ளை வெள்ளையாக. அவளும் முடிச்சை அவிழ்த்து வீசினாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. உதடு முணுமுணுத்தது.

அவள் கும்பிட்ட திசையில் சாமி இல்லை.

அங்கே ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. கம்பத்தில் அண்ணாச்சி கட்டியிருந்த கூம்புக் குழாய். மண்டபத்தில் வாசிக்கிற நாதஸ்வரம் அதன் வழியாக வந்துகொண்டிருந்தது. சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே சாமி இருக்கும் என்று அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் இருந்த அத்தனை கையும் ஒரு பக்கம், இவள் கை மட்டும் வேறு பக்கம். தோளைப் பிடித்துத் திருப்பிவிட என் கை எழுந்தது. பிறகு இறங்கிவிட்டது. திருப்பினால் அவளுக்குத் தெரிந்துவிடும். திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு அக்கா, நல்ல தரிசனமாட்டி என்று கேட்டாள். கூட்டத்தில் அக்காவால் வர முடியவில்லை. என் மனைவி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். ஒரு பக்கம் விபூதி, ஒரு பக்கம் நாமம். ஒரு பக்கம் புலித்தோல், ஒரு பக்கம் பச்சைப் பட்டு, அந்தப் பட்டில் விளக்கு பட்டு மினுக்கிய மினுக்கு. சாமி கழுத்தில் மாலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்றுகூடச் சொன்னாள். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குழாயடியில் படக் கதை சொன்ன அதே குரல்தான். நான் அடுப்படி இருட்டில் நின்று, நடக்காத ஒரு தரிசனத்தை முழுசாகக் கேட்டேன்.

மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி உடனே மதுரைக்கு அழைத்துப் போனேன். வெளிச்சம் தெரிகிறது, உருவம்தான் கொஞ்சம் மங்கல் என்று டாக்டரிடம் அவள் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். இன்னொரு பெரிய டாக்டர், இன்னொரு பரிசோதனை, தங்கின செலவு என்று சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்திருந்தாள். வெளியே பார்க்கிறவர்கள் வைத்திருப்பதுபோல.

ஆவணி பிறந்தது. அவள் எதுவும் நடக்காததுபோல் இருந்தாள். சுவரைத் தடவி நடப்பதை, சுவரில் தூசி பார்ப்பதுபோலச் செய்தாள். நானும் எதுவும் தெரியாததுபோல் இருந்தேன். பாத்திரம் உருண்டால் எலி என்றேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் ஒரே பிணத்தை ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் மறைத்து வைத்திருந்த மாதிரி அந்த நாட்கள். ஒரு காலையில் அவளே கேட்டாள், ஆவணிதான் பிறந்துவிட்டதே, டி.வி. எப்போது என்று. குரலில் ஒரு பிசிறு இல்லை. கிழக்குச் சுவர் ஓரத்தைக் கழுவிவிட்டிருந்தாள். கோலமும் போட்டிருந்தாள். கோட்டின் முனைகள் ஒன்றையொன்று தேடி, சேராமல், தரையில் கிடந்தன.

கடையில் அண்ணாச்சி பெட்டியைத் துடைத்து, ஸ்டூலில் இறக்கி வைத்திருந்தார். மரக்கதவு நடுவில் ஒரு விரற்கடை விட்டு மூடியிருந்தது. நான் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சவுண்டு செட்டே போதும் என்றேன். மனுஷன் சிரித்தார்.

“ஆனியில படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீரா? இப்ப என்ன ஞானோதயம் வே?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எதிர்ச்சாரியை, அவள் வழக்கமாக நிற்கிற இடத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வாயில் நின்றுபோயிற்று. எழுந்து போய் மரக்கதவின் மிச்சத்தையும் இழுத்து மூடினார்.

கையில் மிஞ்சியிருந்த பணத்தில் டெக்கும் ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் வந்தன. ஸ்பீக்கரை வைக்கிற மரப்பெட்டிக்குப் பணம் பற்றவில்லை. டீக்கடைக்காரர்கள் செய்வதைச் செய்யலாம் என்றார் அண்ணாச்சி: வேளார் தெருவில் அகல வாய்ப் பானை இரண்டு வாங்கி, வாயில் ஸ்பீக்கரை வைத்து இறுக்கிவிட்டால் பெட்டியை விட பேஸ் கூடும். அவரே பொருத்திக் கொடுத்தார். டெக்கையும் ஆம்ப்ளிபயரையும் ஒரு பானையையும் முதலில் சைக்கிளில் கொண்டுவந்து வீட்டு வாசலுக்குள் வைத்துவிட்டு, இரண்டாவது பானையைத் தோளில் வைத்து நடந்து வந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் படி இறங்கி ஓடி வந்தாள்.

“தோள்ல வச்சுட்டு வாராதிய தம்பி. எறக்குங்க. கையில புடிங்க.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆம்பிளை புதுப்பானையைத் தோளில் வைத்து நடக்கிற இடம் ஒன்றுதான் உண்டு, அது ஊருக்கு வெளியே இருக்கிறது. இறக்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

அவள் கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை சீவி, பூ வைத்திருந்தாள். டாக்கீஸுக்குக் கிளம்புகிற சாயங்காலம் மாதிரி. நான் பானைகளைக் கோலத்தின் மேல் வைத்தேன். மண் தரையில் படுகிற சத்தம். அவள் தலை அந்தச் சத்தத்துக்குத் திரும்பியது. கையை நீட்டித் தொட்டாள். வளைவைத் தடவினாள், கழுத்துக்கு ஏறினாள், வாயில் கட்டியிருந்த துணியில் விரல் நின்றது.

“பானையா?”

ஸ்பீக்கர் என்றேன். டி.வி.க்கு எதற்கு ஸ்பீக்கர் என்று அவள் கேட்பாள், ஏதாவது சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவள் கேட்கவில்லை. விரலை எடுத்துக்கொண்டாள். மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

“அப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு.”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்கு நடுவில் இப்போது சுவர் இல்லை. தபசன்றைக்கே தெரியும் என்றேன். எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும் என்றாள். அழவில்லை. கோபமும் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்கு முடித்தவள்போல் சொன்னாள்.

“நீங்க டி.வி.ய வாங்கிட்டு வந்திருந்தா, நான் பாத்திருப்பேன்.”

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக என்ன செய்வதென்று தெரியவில்லை எனக்கு. ஐம்பதை நெருங்கிவிட்டேன். இப்போது இந்த ஊரில் மொட்டை மாடிக்கு மாடி ஆன்டெனா. எந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதும் நீல வெளிச்சம் தெருவில் வந்து விழுகிறது. அந்த வெளிச்சத்தைக் காலில் மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிறேன். பொய்க்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவள் அதன் எதிரில் உட்கார்ந்து, சத்தத்தைப் பிடித்துப் பிடித்து ஒரு படத்தை உண்டாக்கி எனக்குச் சொல்லியிருப்பாள். நானும் தலையாட்டியிருப்பேன். அந்தப் பொய்க்குள் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது. உண்மைக்குள் ஒருத்திக்கு மட்டும்தான் இடம். அவளை அதற்குள் வைத்துவிட்டு நான் வெளியே நிற்கிறேன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கேசட்டைப் போட்டேன். அண்ணாச்சி சும்மா கொடுத்தது. நாங்கள் டாக்கீஸில் பார்த்த படத்தின் கதை வசனம். பானைகள் பேசின. அவர் சொன்னது சரிதான், பேஸ் கூடுதலாகத்தான் இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து ஊரே பேசுவதுபோல் இருந்தது. தாய் மகனைத் திட்டினாள், மகன் வீட்டை விட்டுப் போனான், இடி இடித்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. வெறும் வயலின். மழை. ஒரு கதவு கிரீச்சிட்டது. யாரோ நடக்கிற சத்தம்.

“இப்ப என்ன நடக்கு?” என்றாள்.

நீ பார்த்த படம்தானே என்றேன்.

“பாத்த படந்தான். இந்த எடம் வர மாட்டேங்கு. மொகம் ஒண்ணும் வர மாட்டேங்கு. நீங்க சொல்லுங்க, யாரு வாரது?”

நான் யோசித்தேன். அந்தக் கதவு திறந்த நேரத்தில், அந்த மழையில், நான் இடுப்பளவுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை. அதில் வெளிச்சம் வந்தது, மூக்குத்தி மின்னியது, உதடு லேசாகத் திறந்தது. அது மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரியும். திரையில் யார் வந்தார்கள் என்று தெரியாது.

“சொல்லுங்க.”

பானைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. யாரோ நடந்து வந்துகொண்டே இருந்தார்கள்.